கையெழுத்துப் போடாத தலைவர்

நேயர்களுக்கு வணக்கம்.

மாட்ரிட்டில் சிவில் கல்லறைத் தோட்டம் என்று ஒன்று உண்டு. தேவாலயச் சடங்கு வேண்டாம் என்றவர்களுக்கான இடம். அங்கே ஒரு சமாதியில், ‘ஒரு மரண தண்டனையில் கையெழுத்துப் போடாமலிருக்க ஆட்சியை விட்டுப் போனவர்’ என்ற பொருளில் ஒரு வரி பொறித்திருக்கிறார்கள். நிக்கோலாஸ் சால்மெரோனின் சமாதி அது. 1873-இல் ஸ்பெயின் குடியரசின் தலைவர். எத்தனை நாள் இருந்தார் தெரியுமா? 51 நாள்.

ஆள் அடிப்படையில் ஒரு வாத்தியார். தெற்கே அல்மெரியா மாகாணத்தில் பிறந்து, மாட்ரிட் பல்கலைக்கழகத்தில் தத்துவம் சொல்லிக்கொடுத்தவர். முடியாட்சியை எதிர்த்ததற்காக 1867-இல் சிறைக்கும் போனார்.

1873 பிப்ரவரி 11 அன்று மன்னர் அமதேயோ, “போதும் இந்த நாடு” என்பதுபோல முடியைத் துறந்தார். அன்றைக்கே குடியரசு அறிவிக்கப்பட்டது. பெற்றுக்கொண்டது என்ன? வடக்கே கார்லிஸ்ட்டுகள் எனும் முடியாட்சிக்காரர்களோடு உள்நாட்டுப் போர், கடலுக்கு அப்பால் கியூபாவில் இன்னொரு போர், காலியான கஜானா. முதல் தலைவர் ஃபிகேராஸ் ஜூன் மாதம் சொல்லாமல் கொள்ளாமல் பிரான்ஸுக்கு ரயிலேறிவிட்டார். அடுத்து வந்த பி இ மார்கால் ஐந்து வாரம் தாக்குப்பிடித்தார். ஜூலை 18-இல் பொறுப்பு சால்மெரோன் தலையில் விழுந்தது.

அதற்குள் கார்த்தஹேனா துறைமுகம் தன்னைத் தனி ‘கான்டன்’, அதாவது தன்னைத் தானே ஆளும் பகுதி, என்று அறிவித்திருந்தது. கடற்படையின் பெரிய கப்பல்களும் கிளர்ச்சிக்காரர்கள் கையில். வாலென்சியா, செவில், காதிஸ் என்று ஊர் ஊராக இதே கதை. இவரை மென்மையான மனிதர் என்று நினைத்துவிட வேண்டாம். வந்த வேகத்தில் கிளர்ச்சிக் கப்பல்களைக் கடற்கொள்ளைக் கப்பல்கள் என்று அறிவித்தார். தளபதிகளை அனுப்பினார்; வாலென்சியா பீரங்கிக் குண்டுக்கு அடங்கியது. ஜூலை கடைசியில் கிளர்ச்சிக் கப்பல்கள் அல்மெரியாவுக்கு முன்னால் வந்து நின்று பணம் கேட்டன. ஊர் கொடுக்க மறுத்தது, குண்டு விழுந்தது. தலைவருடைய சொந்த மாகாணத்தின் தலைநகரம் அது.

ஆனாலும் படையில் கட்டுப்பாடு குலைந்திருந்தது. கட்டளை மீறும் சிப்பாய்களுக்கு மரண தண்டனை வேண்டும் என்று தளபதிகள் நெருக்கினார்கள். அங்கேதான் பேராசிரியர் நின்றுவிட்டார். மரண தண்டனை தவறு என்பது அவருடைய கொள்கை. செப்டம்பர் 7-ஆம் தேதி பதவி விலகினார்.

சமாதி வாசகம் இதோடு நின்றுவிடுகிறது. எனக்கு அது போதவில்லை. சண்டையில் சாக ஆள் அனுப்பியவர், விசாரித்துக் கொல்ல மட்டும் மறுத்தார். இவர் போடாத கையெழுத்தை அடுத்து வந்த எமிலியோ காஸ்தெலார் போட்டார். அந்தக் காஸ்தெலாருக்கே 1866-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, தப்பி ஓடிப் பிழைத்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

விலகியவர் வீட்டுக்குப் போகவில்லை; நாடாளுமன்றத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். காஸ்தெலார் வலதுபுறம் சாய்கிறார் என்று எதிர்த்தார். 1874 ஜனவரி 3, விடிவதற்கு முன்பு, நம்பிக்கை வாக்கெடுப்பில் 120-க்கு 100 என்று காஸ்தெலார் தோற்றார். புதிய தலைவருக்கு ஓட்டு விழுந்துகொண்டிருக்கும்போதே, அவையைக் காலி செய்யச் சொல்லி ஒரு தளபதியிடமிருந்து செய்தி வந்தது. பெயர் பாவியா. தமிழ்க் காதுக்கு அது எப்படிக் கேட்கும் என்பதற்கு நான் பொறுப்பல்ல! கிளர்ச்சியை அடக்க அந்தலூசியாவுக்கு சால்மெரோனே அனுப்பிய அதே ஆள். செய்தியை அவைக்குச் சொல்லும் வேலையும் சால்மெரோனுக்குத்தான் வாய்த்தது. கொஞ்ச நேரத்தில் சிப்பாய்கள் உள்ளே வந்தார்கள்.

அப்புறம் முடியாட்சி திரும்பியது. பல்கலைக்கழக வேலை போனது, பாரிஸில் பல வருடம் கழிந்தது. திரும்பி வந்து மறுபடி பாடம் நடத்தினார், மறுபடி தேர்தலில் நின்றார். 1907-இல் பார்சலோனாவில் அவர் போன வண்டியை நோக்கிச் சுட்டார்கள். குண்டு பக்கத்திலிருந்த கம்போ என்ற கட்டலான் அரசியல்வாதியின் மேல் பாய்ந்தது. மறு வருடம் பிரான்ஸின் போ நகரத்தில் சால்மெரோன் காலமானார்.

ஃபிகேராஸ், பி இ மார்கால் இருவரும் அவர் இருக்கும் அதே சிவில் கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கிறார்கள். கையெழுத்துப் போட்ட காஸ்தெலார் மட்டும் நகரத்தின் இன்னொரு பக்கம், சான் இசித்ரோ கத்தோலிக்கக் கல்லறையில்.

வணக்கம்.