தண்ணி வத்தற நேரத்துல யாரு வர்றா?

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி உக்காந்திருக்கற அக்காங்களுக்கு மைக் கேக்குதா... சரி.

ஞாயித்துக்கிழம சாயங்காலம் சமூக மன்றத்துல வந்து கடற்கரைய பத்தி பேசணும்னு தலைவர் கேட்டப்ப உடனே சரின்னுட்டேன். இங்க சிங்கப்பூர்ல நம்ம தமிழ்ச் சங்கங்க பொங்கல், தமிழ்மொழி விழா, ரத்ததானம், பிள்ளைங்களுக்கு டியூஷன்னு எதுக்கும் சளைச்சவங்க இல்ல, ஒரு ஃபோன் போட்டா சமைக்கவும் ஆள் வருது, நாற்காலி தூக்கவும் ஆள் வருது. கடற்கரைக்கு மட்டும் வருஷத்துல ஒரு காலைல போறோம், டீ-சர்ட் போட்டு ரெண்டு மணி நேரம் குப்ப பொறுக்கிட்டு ஃபோட்டோ எடுத்துட்டு கெளம்பிடறோம். அதுவும் நல்ல காரியம்தான். ஆனா அந்த ஒரு காலை பத்தாதுன்னு சொல்லத்தான் இன்னிக்கு வந்திருக்கேன்.

நா மொதமொதல்ல போனது லிம் சூ காங் பக்கம், அலையாத்திக் காட்டுக்கு. ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைல தினமும் ஆளுங்க கூட்டி அள்ளிடறாங்க, வெடியக்காலைல நடக்கப் போறவங்க பாத்திருப்பீங்க, அதுல நம்ம ஊர்லேர்ந்து வேலைக்கு வந்த தம்பிங்களும் இருக்காங்க. காட்டுக்குள்ள அப்டி யாரும் தினம் வர்றதில்ல. சேறு முட்டி வரைக்கும் இழுக்குது. வேருக்கு நடுவுல ஒரு ஸ்டைரோஃபோம் பொட்டி மாட்டிக்கிட்டு இருந்துச்சு, கை வெச்சதும் பொரி மாதிரி உதிர்ந்து போச்சு, அந்த வெள்ள உருண்டைங்க நண்டு வளைக்குள்ள உருண்டு போறத பாத்துக்கிட்டே நிக்கறேன், எடுக்க வழியில்ல. பக்கத்துல ஒரு சீனப் பாட்டி, எழுபது வயசு இருக்கும், அவங்க குப்ப பொறுக்கல, ஒரு அட்டைல பென்சில்ல கோடு போட்டுக்கிட்டு இருந்தாங்க. பாட்டில் இத்தன, ஸ்ட்ரா இத்தன, வலைத் துண்டு இத்தன. நாலு கோடு நேரா, அஞ்சாவது குறுக்க. "நீ சத்தமா சொல்லு, நா எழுதறேன்"னாங்க.

அந்த அட்டைதாங்க விஷயமே. அமெரிக்காவுல டெக்சாஸ் கரைல 1986ல தொடங்குன பழக்கம் இது, சிங்கப்பூர்ல 1992லேர்ந்து தொண்டூழியருங்க நடத்திக்கிட்டு வர்றாங்க. எண்ணி எழுதி வெச்சாதான் தென்மேற்குப் பருவக்காத்து மாசங்கள்ல தெக்குப் பக்கக் கரைல குப்ப கூடுதா கொறையுதா, எது அலையோட வந்தது, எது பிக்னிக் வந்தவங்க விட்டுட்டுப் போனதுன்னு பிரிச்சுப் பேச முடியும். எண்ணாம அள்ளுனா பை மட்டும்தான் நெறையும்.

செக் ஜாவா பத்தி இங்க இருக்கற சின்னப் பிள்ளைங்களுக்கு தெரியாம இருக்கலாம். புலாவ் உபின் தீவோட கெழக்கு மூலைல இருக்கற எடம், சாங்கி பாயிண்ட்லேர்ந்து படகுல போகணும். 2001 கடைசில அங்க கடல மண் போட்டு நெரவி நெலமாக்கறதா இருந்துச்சு. தண்ணி வத்துனா, அதாவது கடல் உள்வாங்குனா, அங்க மணல்மேடு, கடற்புல், பவளப்பாறைத் துண்டு, அலையாத்தி மரம் எல்லாம் ஒரே எடத்துல பக்கத்துல பக்கத்துல கெடக்கும்னு அப்பதான் நெறைய பேருக்கு தெரிய வந்துச்சு. இயற்கை ஆர்வலருங்க, ஆசிரியருங்க, மாணவருங்க, மியூசியத்தோட வேல செஞ்ச தொண்டூழியருங்கன்னு போயி என்னென்ன உயிரு இருக்குன்னு கணக்கெடுத்தாங்க, அரசாங்கத்துக்கு எழுதுனாங்க. கோஷம் போடல, எடுத்த கணக்க முன்னாடி வெச்சாங்க. 2001 டிசம்பர்ல அந்த வேலைய தள்ளி வெச்சாங்க, 2007ல மரப்பாலம் தொறந்தாங்க, இன்னிக்கு நம்ம பிள்ளைங்க ஸ்கூல்லேர்ந்து போயி பாத்துட்டு வருது. எனக்கு அத நெனச்சா இப்பவும் நெஞ்சு நெறையும்.

கடற்புல்லயும் அதே மாதிரிதான் கணக்கெடுக்கறாங்க. 50 மீட்டர் நாடாவ தரைல நீட்டி வெச்சுக்கிட்டு, 5 மீட்டருக்கு ஒரு தடவ 50 சென்டிமீட்டர் சதுரச் சட்டத்த கீழ வெச்சு, அதுக்குள்ள புல்லு எவ்ளோ, என்ன வகைன்னு எழுதிக்கிட்டே போகணும். இப்டி மூணு நாடா. வருஷத்துல பாதி மாசங்கள்ல தண்ணி நல்லா வத்தறது விடியறதுக்கு முன்னாடிதான், அதனால ராத்திரி மூணு மணிக்கு எழுந்து போறாங்க, ஆஃபீஸ் போறவங்க, டீச்சருங்க, ரிட்டயர் ஆனவங்க. அந்தப் புல்லத் திங்கத்தான் ஆவுளியா, கடற்பசுன்னு சொல்றோமே, அது வருது, அது மேஞ்ச தடத்த செக் ஜாவாவுல பாத்திருக்காங்க. தஞ்சாவூரு, புதுக்கோட்டைக்காரங்க இங்க நெறைய பேரு இருக்கீங்க, உங்க ஊரு கடல்ல அதே ஆவுளியாவுக்குத்தான் 2022ல தமிழ்நாட்டு அரசு பாக் விரிகுடாவுல 448 சதுர கிலோமீட்டர காப்பகமா அறிவிச்சுது. அங்கயும் புல்லு, இங்கயும் புல்லு.

2024 ஜூன் 14 ஞாபகம் இருக்கா? பாசிர் பாஞ்சாங் துறைமுக முனையத்துல ஒரு தூர்வாரும் கப்பல் எண்ணெய்க் கப்பல்ல மோதி 400 டன் அளவுக்கு எண்ணெய் கடல்ல கலந்துச்சு. செந்தோசா, லாப்ரடார், ஈஸ்ட் கோஸ்ட்னு கரை கரையா கருப்பு. அள்ளற வேலை பயிற்சி உள்ளவங்களோடது, தொண்டூழியருங்க கரைல நின்னு குடும்பத்தோட வந்தவங்கள தண்ணிக்குள்ள எறங்க வேணாம்னு சொன்னாங்க, கரைகள போயி பாத்து எங்க என்ன ஆச்சுன்னு பதிஞ்சாங்க. அதுக்கு முன்னாடி அந்தக் கரைங்க எப்டி இருந்துச்சுன்னு வருஷக்கணக்கா எழுதி வெச்சவங்க இருந்ததாலதான் எது கெட்டுச்சு, எது தப்பிச்சுதுன்னு ஒப்பிட்டுப் பாக்க முடிஞ்சுது.

இப்ப நம்ம வீட்டு விஷயம் ஒண்ணு, கோவிச்சுக்காதீங்க. எங்கப்பா காரியத்துக்கு சாங்கி கடற்கரைக்குப் போனப்ப நானே மாலைய பிளாஸ்டிக் பையோட தண்ணிகிட்ட வெச்சுட்டு வந்தேன். துக்கத்துல தெரியல. பூ மக்கிடும், ஜிகினாவும் நைலான் நூலும் மக்காது. பின்னால ஒரு நா அதே மாதிரி ஜிகினா ஒரு லாட நண்டோட காலுல சுத்திக்கிட்டு கெடந்தத, மல்லாந்து காலு ஆடிக்கிட்டு இருந்தத, நா கத்தரில வெட்டி எடுத்தேன். அன்னிக்கு எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்துச்சு. அஸ்தி கரைக்க புலாவ் செமாக்காவ் தீவுக்கு தெக்க 2.8 கிலோமீட்டர் தள்ளி எடம் ஒதுக்கி இருக்காங்க. கரைல செய்யற பூஜைக்கு, பூவ உதுத்து விட்டுட்டு மிச்சத்த வீட்டுக்கு எடுத்துட்டு வாங்கன்னு நம்ம கோயில்லயும் சங்கத்துலயும் பெரியவங்க சொன்னா சனம் கேக்கும். இத வெளியாளு வந்து சொல்ல முடியாது, நாமதான் சொல்லணும்.

புதுசா சங்கம் ஒண்ணும் ஆரம்பிக்க வேணாம். இயற்கையப் பாதுகாக்கற நேச்சர் சொசைட்டி 1954லேர்ந்து இருக்கு, வாட்டர்வேஸ் வாட்ச் சொசைட்டி 1998லேர்ந்து ஆத்துலயும் நீர்த்தேக்கத்துலயும் வேல செய்யுது. அவங்ககிட்ட போயி கத்துக்குவோம். நம்ம சங்கத்துலேர்ந்து ஆறு பேரு, வருஷத்துல நாலு தடவ, ஒரே எடத்துக்கு, அதே ஆறு பேரு. நூறு பேரு ஒரு தடவ வர்றத விட எனக்கு இதுதான் வேணும்.

பேசி முடிச்சதும் முன்வரிசைல ஒரு அம்மா கை தூக்குனாங்க. "தம்பி, எனக்கு முட்டி வலி, குனிய முடியாது, பேரு குடுக்கலாமா?"

குடுங்கம்மா. அட்டைய நீங்க புடிங்க, நாங்க சத்தமா சொல்றோம். பென்சில் கொண்டாங்க, பேனா வேணாம், ஈரம் பட்டா மை கரைஞ்சிடும்.