முதலில் தூக்குக்குண்டு, அப்புறம் மெருகு

நடுவர் அவர்களே, காரைக்குடிப் பெரியவர்களே, ஆச்சிமார்களே, வணக்கம். கண்ணால் கண்டதை வரையும் ஓவியம் தேறுவது உருவத்தின் அளவைத் திருத்துவதாலா, நுணுக்கத்தைக் கூட்டுவதாலா என்பது தலைப்பு. அளவுதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி, நம் வீட்டு முகப்புகளில் தொங்கும் ரவிவர்மா அச்சுப் படங்களைச் சொல்லி, "அந்தச் சரிகையும் நகையும் இல்லாவிட்டால் யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டார். 1894இல் ரவிவர்மா பம்பாயில் தொடங்கிய அச்சகத்தால்தான் அவர் படங்கள் வீடு வீடாகப் போயின. தம்பி, அந்த லட்சுமியின் நகைகளை விரலால் மறைத்துப் பாருங்கள். அப்போதும் தோள் தோளாகவே இருக்கும், தாமரைமேல் கால் ஊன்றியே நிற்கும்.

நான் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் அப்பத்தாளை வளவு முற்றத்தில் தூணோரம் உட்கார வைத்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்தேன். நெற்றிச் சுருக்கம், கண்டாங்கிச் சேலையின் கட்டம், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் பூ, எதையும் விடவில்லை. இரண்டு மாதம் ஆனது. அத்தை வந்து பார்த்துவிட்டு, "நல்லா இருக்குப்பா, யாரு இது?" என்றார்.

அன்று ராத்திரி படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பார்த்தேன். ஓவியர்களுக்கு லியோனார்டோ டா வின்சி சொன்ன யோசனை அது. இடம் வலம் மாறியதும் பழகிய கண்ணுக்கே கோணல் தெரிந்துவிடும். தெரிந்தது. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே இடம் அதிகம். ஒரு கண் மேலே ஏறியிருந்தது. தரைக் கற்கள் தூரம் போகப் போகக் குறுகாததால், தரையே சுவர் மாதிரி எழுந்து நின்றது. நான் போட்ட ஒவ்வொரு பூவும் அந்தத் தப்பைத்தான் எடுத்துக் காட்டியது. நம் ஊர்க் கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுப் பார்க்காமல் சுவரின் முட்டை வெள்ளைக்கருப் பூச்சுக்கு மெருகு தேய்ப்பாரா? தேய்த்தால் அந்தப் பளபளப்பிலேயே சுவரின் புடைப்பு தெரியுமே!

சரி என்று வரைசட்டத்தில் புதுத் துணி கட்டி, அப்பத்தாளை மறுபடி உட்கார வைத்தேன். நூலில் ஒரு குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, கண்ணின் ஓரத்துக்கு நேர்கீழே வாயின் எந்த இடம் வருகிறது என்று பார்த்தேன். கையை நீட்டிப் பென்சிலால் அளந்தேன். கண்ணைச் சுருக்கி, வெளிச்சம் எது, நிழல் எது என்று மட்டும் பிரித்தேன். ஒரு சுருக்கம் போடவில்லை, இமைமயிர் ஒன்றுகூட இல்லை.

அத்தை நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். "எங்க ஆத்தாளப்பா" என்றார்.

கண்டாங்கிக் கட்டங்களை அதற்கு அடுத்த வாரம்தான் போட்டேன், நடுவர் அவர்களே.