மவுஸ் யார் கையில்?

[காட்சி: சேலத்தில் ஒரு பள்ளியின் கணினி அறை. ஒரே திரையைச் சுற்றி நான்கு தலைகள்.]

வணக்கம். பள்ளியில் கணினி இருக்கிறதா என்று கேட்டால், பெரும்பாலும் ‘இருக்கிறது’ என்றே பதில் வரும். மவுஸ் யார் கையில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

[திரையில்: 40 ÷ 10]

வகுப்பில் 40 பிள்ளைகள், ஓடுகிற கணினிகள் 10, பாடவேளை 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்குப் பத்து நிமிடம். வரிசையில் வந்து உட்கார்ந்து, கரண்டும் போகாமல் இருந்தால் ஏழோ எட்டோ மிஞ்சும். வீட்டில் மடிக்கணினி உள்ள பிள்ளைக்கு அது ஒரு மாலைப்பொழுதின் சிறு துண்டு.

அந்த நிமிடங்களும் சமமாகப் பிரிவதில்லை. நான் பார்த்த வகுப்பில், வீட்டில் கணினி உள்ள பையன் மவுஸைப் பிடித்தான். மணி அடிக்கும்வரை விடவில்லை. அவனைக் குறை சொல்ல மாட்டேன். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று மற்றவர்களே அவனிடம் விட்டுவிட்டார்கள். பின்னால் நின்ற மாணவி அவன் செய்வதைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டாள். செவ்வாய்ப்பேட்டையில் அம்மாவுடன் உட்கார்ந்து கொலுசுக்கு மணி கோக்கிறவள். பொடி மணி ஒன்றையும் தவறவிடாத விரல்கள். அன்று அவை பேனாவை மட்டுமே பிடித்தன.

[காட்சி: பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூல்]

இந்தப் புத்தகத்தில், பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகும் ஸ்கிராட்ச் மென்பொருள் பற்றிப் பாடம் இருக்கிறது. திரையில் உள்ள கட்டளைக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்தினால் அங்கே ஒரு பூனை நடக்கும். அப்படி நகரும் உருவத்துக்கு ‘ஸ்பிரைட்’ என்று பெயர். எந்தக் கட்டையை எங்கே மாட்டினால் என்ன ஆகிறது என்று தப்பும் தவறுமாகச் செய்து பார்ப்பதுதான் அதன் உயிர். ஆனால் ‘ஸ்பிரைட் என்றால் என்ன?’ என்பதை மனப்பாடம் செய்தே மதிப்பெண் வாங்கிவிடலாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் வீடுகளில் சும்மா சொல்லவில்லை.

2011-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் பெரிய காரியம். கணினி வீட்டுக்கே வந்தது. ஆனால் மேல்நிலை வகுப்புக்கு வந்த பிறகுதான். விரல் பழக வேண்டிய வயது ஆறாம் வகுப்பு.

ஸ்கிராட்ச் இலவசம், ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும். பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் அறை திறந்திருக்கட்டும். வீட்டில் கணினி இல்லாதவர்கள் முதலில் உட்காரட்டும்.

[காட்சி: அதே அறை, மாலை]

அந்த வகுப்பின் ஆசிரியை மேசைமேல் கடிகாரத்தை வைத்தார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கை மாறியது. அந்த மாணவியின் முறை வந்தது. முதல் கட்டை தவறான இடத்தில் விழுந்தது. அவளே எடுத்து மாற்றினாள். பூனை பத்து அடி நகர்ந்தது. மறுபடியும் அழுத்தினாள்.