கீசரும் ஹீட் பம்ப்பும் ஒன்றா? மடிப்பாக்கம் நேயரின் கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி மடிப்பாக்கத்திலிருந்து வந்திருக்கிறது. அனுப்பியவர் ஓய்வு பெற்றவர். அவருடைய மகள் இங்கிலாந்தில், நியூகாசிலில், 1930களில் கட்டிய ஒரு வீட்டை வாங்கியிருக்கிறார். அந்தத் தெருவில், கேஸை எரித்துத் தண்ணீரைச் சூடாக்கி வீட்டைக் கதகதப்பாக்கும் கேஸ் பாய்லரை எடுத்துவிட்டு மின்சார ஹீட் பம்ப் வைக்கும் முன்னோடித் திட்டம் ஒன்று வரப்போகிறதாம். "இங்கே மார்கழியில் கீசர் போட்டாலே மீட்டர் பறக்கிறது. அங்கே வீடு முழுவதையும் கரண்ட்டில் சூடாக்கினால் கட்டுப்படியாகுமா? மகளைச் சேரச் சொல்லலாமா?" என்று கேட்கிறார்.

சார், முதலில் அந்தக் கீசரை மறந்துவிடுங்கள். கீசருக்குள் இருப்பது ஒரு காயில். ஒரு யூனிட் கரண்ட் போனால் ஒரு யூனிட் வெப்பம் வரும், அதற்கு மேல் வராது. ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, இடம் மாற்றுகிறது. உங்கள் வீட்டு ஏசி செய்வதும் அதுதான். மே மாதம் அவுட்டோர் யூனிட் பக்கத்தில் நின்றால் முகத்தில் அனல் அடிக்குமே, அதில் பெரும்பகுதி உங்கள் படுக்கையறையிலிருந்து எடுத்து வந்தது. இதைத் திருப்பிப் போட்டால், வெளியிலிருந்து எடுத்து உள்ளே தள்ளும். பூஜ்ஜியம் டிகிரிக் காற்றில் எடுப்பதற்கு என்ன இருக்கிறது என்பீர்கள். குழாயில் ஓடும் வாயு அதைவிடக் குளிர்ந்திருந்தால் போதும், வெப்பம் தானாக அதற்குள் போய்விடும். அப்புறம் கம்ப்ரசர் அழுத்த அழுத்தச் சூடு ஏறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பக்கம் சுடுவதில்லையா, அந்த மாதிரி.

பழைய வீட்டுக்கு இது சரிப்படுமா என்பதை பிரிட்டிஷ் அரசே பணம் போட்டுச் சோதித்துப் பார்த்துவிட்டது. 2020ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் 742 வீடுகளில் ஹீட் பம்ப் வைத்தார்கள். உங்கள் மகள் இருக்கும் நியூகாசில் பக்கமும் அதில் ஒரு பகுதி. மற்ற இரண்டும் தென்கிழக்கு ஸ்காட்லாந்தும் தென்கிழக்கு இங்கிலாந்தும். விக்டோரியா காலத்து வரிசை வீடு முதல் 1960களின் அடுக்குமாடி வரை எல்லாம் இருந்தன. இந்த வகை வீட்டுக்கு ஆகாது என்று ஒதுக்கும்படி எதுவும் அமையவில்லை. காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் கருவிகள், ஒரு யூனிட் கரண்ட்டுக்கு ஏறக்குறைய 2.8 யூனிட் வெப்பம் கொடுத்தன. கடுங்குளிர் நாட்களில் அது இறங்கியது, ஆனாலும் சராசரியாகப் பார்த்தால் இரண்டுக்குக் கீழே போய்விடவில்லை.

இப்போது பில்லுக்கு வருவோம். ஆண்டுக்கு 10,000 யூனிட் வெப்பம் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். காயில் ஹீட்டர் என்றால் 10,000 யூனிட் கரண்ட். ஹீட் பம்ப் என்றால் சுமார் 3,600. இதைக் கேட்டுவிட்டு உடனே கையெழுத்துப் போட வேண்டாம். அங்கே ஒரு யூனிட் கரண்ட்டின் விலை, ஒரு யூனிட் கேஸைப் போல சுமார் நான்கு மடங்கு. நான்கு மடங்கு விலை, மூன்று மடங்குக்கும் குறைந்த பலன்: பாய்லரில் வீணாவதைக் கழித்தாலும், சாதாரணக் கட்டணத்தில் கேஸை விடக் கொஞ்சம் கூடுதலாகவே ஆகலாம். ஹீட் பம்ப் வைத்தவர்களுக்கென்றே, சில மணி நேரம் மலிவாகத் தரும் கட்டணத் திட்டங்கள் அங்கே உண்டு. மகள் அதையும் சேர்த்து எடுக்கட்டும். பில் பாதியாகும் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

கார்பன் குறையுமா என்றால், நிச்சயமாகக் குறையும். அங்கே கடைசி நிலக்கரி மின்நிலையத்தையும் 2024 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். காற்றாலை மின்சாரம் ஏராளம், அதுவும் குளிர்காலத்தில்தான் காற்று நன்றாக அடிக்கும். ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகளில் இந்தக் காற்றாலை மின்சாரத்தை வைத்தே ஒரு சோதனை நடத்தினார்கள், ஹீட் பம்ப்பில் அல்ல, சாதாரண ஹீட்டரில். காற்று அடிக்கும் நேரத்தில் ஹீட்டருக்குள் இருக்கும் செங்கற்களைச் சூடேற்றி வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது அந்தச் சூட்டை வெளியே விடுவது. நம் முப்பந்தலில் ஆடியில் காற்று கொட்டும், நாம் கீசரைத் தொடுவது மார்கழியில். ஷெட்லாந்துக்காரர்களுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வருகிறது, கொடுத்து வைத்தவர்கள்.

என்னைக் கேட்டால், சேரலாம் சார். ஆனால் நிறுவ வருபவர்களிடம் மகள் சிலவற்றைக் கேட்டே ஆக வேண்டும். ஒவ்வொரு அறையிலும் எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது என்று அளந்து கணக்குப் போட்டார்களா? ரேடியேட்டரில், அதாவது வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் சுவர்த் தகட்டில், ஓடும் தண்ணீர் எத்தனை டிகிரி? பாய்லர் மாதிரி 70 டிகிரியில் ஓட்டினால் ஹீட் பம்ப்பின் லாபமெல்லாம் போய்விடும். 45, 50 டிகிரி போதும், ஆனால் அதற்குச் சில அறைகளில் பெரிய ரேடியேட்டர் மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவு யாருடையது? வெந்நீர்த் தொட்டி எங்கே வைப்பார்கள்? கேஸ் பாய்லர் வீடுகள் பலவற்றில் தொட்டியே இருக்காது, துணி அலமாரி ஒன்றைத் தியாகம் செய்ய வேண்டியிருக்கும். இரண்டு குளிர்காலம் கழித்து ஏதாவது ரிப்பேர் ஆனால் யார் வந்து பார்ப்பார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அறைவாரிக் கணக்கு கைக்கு வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அடுத்த கேள்வி, இன்வெர்ட்டர் பேட்டரி பற்றி.