எடிசனுக்குக் கிடைக்காத காப்புரிமைகள்

நேயர்களுக்கு வணக்கம். தாமஸ் ஆல்வா எடிசன் அமெரிக்காவில் பெற்ற காப்புரிமைகள் 1,093. இந்த எண் பலருக்கும் தெரியும். கேட்டும் கிடைக்காமல் போனவை, பாதியில் கைவிட்டவை என இன்னும் 500 முதல் 600 விண்ணப்பங்கள் இருக்கும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். எனக்கு இவற்றின் மேல்தான் ஆசை.

நியூ ஜெர்சியின் வெஸ்ட் ஆரஞ்சில் அவருடைய ஆய்வுக்கூடம் இன்று தேசிய வரலாற்றுப் பூங்காவாக இருக்கிறது. அங்குள்ள ஆவணங்கள் ஏறக்குறைய 50 லட்சம் பக்கங்கள். ரட்கர்ஸ் பல்கலைக்கழக அறிஞர் குழு ஒன்று அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்துப் பதிப்பித்து வருகிறது.

அச்சாகி வந்த காப்புரிமை இஸ்திரி போட்ட சட்டை மாதிரி; கசங்கல் தெரியாது. விண்ணப்பக் கோப்பில்தான் சண்டை தெரியும். "இது ஏற்கெனவே இன்னாருடைய காப்புரிமையில் இருக்கிறதே" என்று காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் எழுதுவார். கண்டுபிடிப்பில் எந்தெந்தப் பகுதிக்கு உரிமை வேண்டும் என்று வரிசையாகச் சொல்பவைதான் கோரிக்கைகள். வழக்கறிஞர் ஒரு கோரிக்கையை அடித்துவிட்டு, இன்னொன்றைக் குறுக்கித் திருப்பி அனுப்புவார். மறுபடியும் மறுப்பு வரும். அன்றைய சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் பதில் போகாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும்; 1897இல் அந்தக் கெடு ஓராண்டானது. ஆக, கைவிட்டவை எல்லாம் தோற்றவை என்று எண்ணிவிடக் கூடாது. பதில் போடாமல் விட்டதும் அதில் சேரும்.

கிடைத்தவையும் லேசில் கிடைத்துவிடவில்லை. தொலைபேசிக்கான கரி ஒலிவாங்கிக்கு 1877இல் விண்ணப்பித்தார். காப்புரிமை கைக்கு வந்தது 1892இல், போட்டியாளர்களோடு மல்லுக்கட்டிய பிறகு. மின்விளக்கிலும் அடி விழுந்தது. காகிதம் போன்ற நார்ப்பொருளைக் கரியாக்கி விளக்குக்குள் ஒளிரவிடும் இழையில், எடிசனின் போட்டியாளர்களான சாயரும் மேனுமே முந்தியவர்கள் என்று காப்புரிமை அலுவலகம் முடிவு செய்து, 1885இல் அவர்களுக்குக் காப்புரிமை தந்தது. நார்ப்பொருள்கள் அத்தனையையும் வளைத்துப்போடும் அந்தக் கோரிக்கை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1895 ஆகிவிட்டது. எடிசன் தரப்பு வென்றதில் அவர் பயன்படுத்திய மூங்கில் இழைக்குப் பங்கு உண்டு.

இவை எதிலும் சேராத ஒரு கூட்டம் உண்டு. 1880களின் தொடக்கத்தில், மின்விளக்கு வேலை மும்முரமாக நடந்தபோது, தாம் கையெழுத்திட்டுக் கொடுத்த விண்ணப்பங்களைத் தம்மிடமிருந்த காப்புரிமை முகவர் ஒருவர் அலுவலகத்தில் தாக்கல் செய்யாமல் பிறருக்கு விற்றுவிட்டார் என்று எடிசனே பின்னாளில் சொன்னார். அவர் கணக்கில் அப்படிப் போனவை 78 கண்டுபிடிப்புகள். அந்த ஆளின் பெயரை அவர் சொல்லவில்லை. மறுக்கப்பட்ட கட்டுகளில் தேடினாலும் அந்த 78 அகப்படாது. அவர் சொன்னது சரியென்றால், அவற்றில் சில வேறு யாருடைய பெயரிலோ முறையாகப் பதிவாகியிருக்கும்.