சாய்தளம் வேணும்னு மட்டும் சொன்னாப் பத்தாதுங்க, அளவு போட்டுக் கேக்கோணும்

வணக்கமுங்க. இன்னைக்குக் குளத்துக்கரை நடைபாதை வீடியோ வரோணும், அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வெச்சுட்டேன். காரணம் நீங்க அனுப்புன இந்தப் போட்டோ. நம்ம கொங்குப் பக்கத்துல ஒரு மாநகராட்சி, புதுசாக் கட்டுன வார்டு ஆபீஸு. பேரு வேண்டாமுங்க. வாசல்ல மூணு படி, பக்கத்துல பளபளன்னு டைல்ஸ் ஒட்டுன சாய்தளம், சக்கர நாற்காலி படம் போட்ட நீல போர்டு. பாத்ததுல இருந்து வயிறு எரியுது.

டேப்ப எடுத்துட்டேன், கணக்கைப் பாருங்க. படி ஒண்ணு 15 சென்டிமீட்டர், மூணுக்கு 45. சாய்தளத்துக்கு அளவு ஒண்ணுக்குப் பன்னெண்டு. அதாவது ஒரு அடி ஏறுறதுக்குப் பன்னெண்டு அடி நீளம். 45 சென்டிமீட்டருக்கு 540 வேணும், கிட்டத்தட்ட 18 அடி. அங்க இருக்கறது அஞ்சே அடி! போன்ல லெவல் பாக்கற ஆப் இருக்குமல்லங்க, தளத்து மேல போன வெச்சா 5 டிகிரிக்குள்ள காட்டோணும். இது 16, 17 காட்டும். ஏறறப்ப நாற்காலி பின்னால சாயும், எறங்கறப்ப ஆளை முன்னால தள்ளிரும். மழை பேஞ்சா அந்த டைல்ஸ்ல நடக்கறவங்களே நிக்க முடியாது. வெளக்கமாத்துல கோடு இழுத்த சிமெண்டுத் தளம் போதுமுங்க, செலவும் கம்மி.

"18 அடிக்கு எடமில்லை"ன்னு சொல்லுவாங்க. நேராத்தான் போகோணும்னு ஆரு சொன்னா? செவுத்தோரமா மடிச்சுக் கட்டலாம். திரும்பற எடத்துல 150க்கு 150 சென்டிமீட்டர் சமதளம் விடோணும். அகலம் கொறைஞ்சது 120 சென்டிமீட்டர், ரெண்டு பக்கமும் கைப்பிடி. அப்புறம், அடியில சாக்கடை மேல கம்பி போடறாங்க பாருங்க, கம்பி சந்து போற திசையிலயே இருந்தா முன் சக்கரம் மாட்டிக்கும். குறுக்கால இருக்கோணும், சந்தும் சின்னதா இருக்கோணும்.

செரி, இதை எப்படிக் கேக்கறது? கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, சேலம், கரூர்னு எந்த மாநகராட்சியா இருந்தாலும் மனு ஆணையர் பேருக்கு எழுதுங்க. நகல் ஒண்ணு மண்டல ஆபீசுக்கு, இன்னொண்ணு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு. ஒரே பக்கம் போதும். "ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்" மட்டும் எழுதாதீங்க, எனக்கு அந்த வரியே ஆகாதுங்க. ஆவனன்னா என்னன்னு அவங்க முடிவு பண்ணிக்குவாங்க. வார்டு எண், கட்டடம், இப்ப இருக்கற நீளம் உயரம், வேண்டிய நீளம் அகலம், எல்லாத்தையும் நம்பரா எழுதுங்க.

முக்கியமான விசயம், மனுவை ரெண்டாப் பிரிச்சுக்குங்க. கட்டட வேலைக்கு ஒண்ணு, உடனே ஆகற உதவிக்கு ஒண்ணு. கட்டட வேலை பொறியியல் பிரிவுக்குப் போகும், மதிப்பீடு, டெண்டர்னு மாசக்கணக்கா ஆகும். "மாடியில இருக்கற ஆபீசர் கீழ வந்து மனு வாங்கோணும்", "குறைதீர் கூட்டத்துக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் வேணும்", "வரி நோட்டீஸ் பெரிய எழுத்துல வேணும்" இதுக்கெல்லாம் டெண்டர் வேண்டியதில்லை. ஒரே மனுவுல ஒட்டுக்காப் போட்டீங்கன்னா சின்னதும் பெரிய ஃபைலுக்குள்ள மாட்டிக்கும். மொழிபெயர்ப்பாளர் கேக்கறதுன்னா கூட்டத்துக்கு ரெண்டு வாரம் முன்னாலயே கேளுங்க, எந்தத் தேதி, எத்தனை மணின்னு எழுதுங்க. அன்னைக்குக் காலையில கேட்டா ஆள் கெடைக்காது.

சட்டத்துக்கு ரெண்டு வரி. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. அதுல 3ஆம் பிரிவு, தேவையான வசதி செஞ்சு குடுக்கறது அரசோட கடமைங்குது. 44ஆம் பிரிவு, அணுகல் அளவு, அதாவது மாற்றுத்திறனாளிகள் வந்து போகறதுக்கு விதியில சொன்ன அளவு, இல்லாத கட்டடத்துக்கு அனுமதியும் குடுக்கக் கூடாது, பணி முடிவுச் சான்றும் குடுக்கக் கூடாதுங்குது. புதுக் கட்டடம்னா இந்த 44தான் நம்ம கையில இருக்கற ஆயுதம். பழைய கட்டடத்துக்கு 45ஆம் பிரிவு, விதிகள் வந்து அஞ்சு வருசத்துக்குள்ள அதையும் மாத்தோணுங்குது. விதிகள் 2017 ஜூன்ல வந்துச்சு, அஞ்சு வருச அவகாசம் 2022லயே முடிஞ்சு போச்சு. 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றமும் ராஜீவ் ரதூரி வழக்குல, அணுகல் அளவையெல்லாம் பரிந்துரையா மட்டும் விடக் கூடாது, கட்டாயமாக்கோணும்னு சொல்லிருச்சு.

அட, போட்டோவப் பத்திச் சொல்லாம உட்டுட்டேன். மூணு போட்டோ வேணும். டேப்பு தளத்து மேல நீளமா இருக்கறது, டேப்பு நட்டமா உயரம் காட்டறது, ஆபீஸ் பேர்ப்பலகையோட தளம் சேந்து தெரியறது. பேர்ப்பலகை இல்லீன்னா "இது எங்க எடமே இல்லை"ன்னு முடிச்சுருவாங்க. யுடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்குக் குடுக்கற அடையாள அட்டை, அதோட நகலும் வையுங்க.

நேர்ல குடுத்தா தபால் பிரிவுல குடுங்க, உங்க நகல்ல முத்திரையும் தேதியும் வாங்காம நகராதீங்க. முத்திரையில தேதி மங்கலா இருந்தா பேனாவுல எழுதச் சொல்லுங்க. கேக்கறதுக்குக் கூச்சப்படாதீங்க, பின்னால ஒவ்வொரு படிக்கும் அந்தத் தேதிதான் வேணும். தபால்னா, பதிவுத் தபாலை 2025ல ஸ்பீடு போஸ்டோட சேத்துட்டாங்க, கவுண்டர்ல ஒப்புகையோட வேணும்னு கேட்டு வாங்குங்க.

முப்பது நாள்ல ஒண்ணும் வரலீன்னா தகவல் உரிமைச் சட்டத்துல மனு. 10 ரூவா கோர்ட் பீ ஸ்டாம்பு ஒட்டுனாப் போதும். "ஏன் செய்யலை"ன்னு கேக்காதீங்க, காரணத்தை உண்டாக்கிச் சொல்லோணும்னு அந்தச் சட்டத்துல இல்லை, இருக்கற ஆவணத்தைத்தான் தருவாங்க. "என் மனு எந்தத் தேதி எந்த மேசைக்குப் போச்சு, குறிப்பு நகல் வேணும்", "இந்தக் கட்டடத்தோட அனுமதி வரைபடம், பணி முடிவுச் சான்று நகல் வேணும்"னு கேளுங்க. அந்த வரைபடத்துல சாய்தளம் 18 அடியா இருந்து, தரையில 5 அடியா இருந்தா, மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு அதையே முதல் இணைப்பா வெச்சுப் புகார் அனுப்புங்க. வக்கீல் வேண்டியதில்லை, நீங்களே எழுதலாம்.

இன்னொண்ணு, தளம் சரியாக் கட்டுன பொறவும் அடியில வண்டி நிறுத்திருவாங்க. அதனால முதல் மனுவுலயே "இங்கு வண்டி நிறுத்தக் கூடாது" பலகையும் மஞ்சக் கோடும் சேத்துக் கேட்டுருங்க.