லயத்து வீடும் கட்சிக் கொடியும்

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்து, தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என்னிடம் படித்த பிள்ளைகள் இப்போது பெரியவர்களாகிவிட்டார்கள். பார்க்கும்போதெல்லாம் அவர்களில் யாராவது ஒருவர் இதைச் சொல்வார்: "நம்ம தாத்தா காலத்து ஆளுங்க பயந்தவங்க டீச்சர். தோட்டத்துத் துரை சொன்னதைக் கேட்டாங்க, தலைவர் காட்டுன சின்னத்துக்கு ஓட்டுப் போட்டாங்க. குடும்பம் குடும்பம்னே இருந்துட்டாங்க." அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

லயத்து வீடு என்பது தோட்டத் தொழிலாளர்களுக்கு நிர்வாகம் கொடுத்த வரிசை வீடு, வேலையோடு வந்த வீடு. காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில் பேர் இருக்கும் வரைதான் தலைக்கு மேல் கூரை. ஒருவனுக்கு வேலை போனால் அவனைப் பெற்றவளும் சாமான்களைக் கட்ட வேண்டும், ஆயாக்கொட்டகையில் தூங்கும் அவன் கைக்குழந்தையும் இடம் மாற வேண்டும். பள்ளிக்கூடம், மருந்து, மாரியம்மன் கோயில் எல்லாமே தோட்ட எல்லைக்குள். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவன் கொள்கை பேசினால், அதற்குப் பிணையாக நின்றது அவன் குடும்பம். நிர்வாகங்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

எங்கள் வீட்டிலேயே நடந்தது. பெரியப்பா தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் தண்டல், ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) கிளையில் செயலவை உறுப்பினர். சித்தப்பா ரப்பர் மரம் சீவும் பால்வெட்டுக்காரர், அறுபதுகளில் இடதுசாரி எதிரணியான சோசலிச முன்னணியின் துண்டறிக்கைகளைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு சுற்றியவர். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு கொடி, அந்தப் பக்கம் இன்னொரு கொடி. ஒருநாள் மாலை தோட்ட அலுவலக எழுத்தரான கிராணி பெரியப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "உன் தம்பியை அடக்கி வை. இல்லாட்டி ரெண்டு வீட்டையும் காலி பண்ணச் சொல்லுவாங்க." கிராணி கெட்டவர் இல்லை. மேலே சொன்னதைக் கீழே சொன்னார், அவ்வளவுதான்.

அன்றிரவு வீட்டில் நடந்த சண்டை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பெரியப்பா கத்தினார். சித்தப்பா வாயே திறக்கவில்லை. முடிவு சொன்னது பாட்டி. "நீ ஈப்போவுக்குப் போய்ப் பொழச்சுக்கடா. உன் பெண்டாட்டி பிள்ளையை நாங்க பார்த்துக்கறோம்" என்றார். அடுத்த வாரமே சித்தப்பா போய்விட்டார். ஓடிப்போய்விட்டான் என்று லயத்தில் பேசினார்கள். மகனின் கொள்கையையும் கூரையையும் ஒரே முடிவில் காப்பாற்றப் பார்த்தவள் பாட்டி என்பது எனக்கு நான் பிள்ளை பெற்ற பிறகுதான் புரிந்தது. தண்டல் சம்பளத்தில் இரண்டு குடும்பத்துக்கு அரிசி வாங்கினாரே பெரியப்பா, அவரைத் துரையின் ஆள் என்று ஒரு வார்த்தையில் ஒதுக்க என்னால் முடியாது.

அவர்கள் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. 1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கம் போக வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டவை எவ்வளவு சாதாரணமானவை பாருங்கள்! முன்னின்ற ஆர்.எச்.நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

அப்புறம் எங்கள் ஊர். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்; அதைத் தொடர்ந்து அவசரகாலம் வந்தது. கொன்றவர்கள் கம்யூனிஸ்டுகள். ஆனால் அதற்குப் பிறகு, சங்கம் என்று வாயெடுத்த சாதாரணத் தொழிலாளியும் சந்தேகத்துக்கு ஆளானார். மறு ஆண்டு மே 4ல், தொழிற்சங்கத் தலைவராக இருந்த எஸ்.ஏ.கணபதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். துப்பாக்கி வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. அந்தச் செய்தியைக் கேட்ட ஒரு தாய், மகன் கூட்டத்துக்குப் புறப்படும்போது வாசலை மறித்து நின்றால், அவளைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அறுபதுகளின் கடைசியில் இன்னொரு பிரிவும் வந்தது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயம் என்று 1968ல் சட்டம். ஒரே வீட்டில் தம்பிக்குக் குடிமகனுக்கான நீல அடையாள அட்டை, அண்ணனுக்குக் குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அட்டை. சிவப்பு அட்டைக்காரர்கள் ஆயிரக்கணக்கில் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அந்த நேரத்தில் அட்டைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர், அலுவலகத்துக்குக் கூட்டிப்போனவர் பெரும்பாலும் கட்சிக் கிளைத் தலைவர்தான். அவர் கட்சிக்குத் தலைமுறையாக ஓட்டு விழுந்ததில் என்ன வியப்பு? அது நன்றிக்கடன். அந்த நன்றியைச் சில தலைவர்கள் தங்கள் சொந்தச் சொத்துபோலச் செலவழித்தார்கள் என்பதும் உண்மை, அதில் எனக்குக் கோபம் உண்டு.

இந்தச் சிக்கலின் வேர் வீட்டிலும் நிலத்திலும் இருக்கிறது என்று கண்டவர் எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரும் ம.இ.கா. தலைவருமாக இருந்த துன் வீ.தி.சம்பந்தன். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு மக்கள் தெருவுக்கு வந்த காலம் அது. 1960ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளிப் பணமாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார். அப்பா வழி வந்த சொத்தில் பெரும்பகுதியைக் கட்சிக்காக விற்றவர் அவர். அவர் வீட்டாருக்கும் அது இழப்புதானே. ஆனால் தொழிலாளி குடியிருந்த லயத்து வீட்டைத் தொழிலாளிக்கே எழுதிக் கொடுக்கும் வேலை அன்று எல்லாத் தோட்டத்திலும் நடக்கவில்லை. பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை என்ற எண்ணெய்ப் பனை வந்தது, செம்பனை போய்த் தாமான் என்ற குடியிருப்பு வந்தது. லயத்தில் இருந்தவர்கள் கையில் சொற்பக் காசோடு வெளியேறினார்கள்.

2008 மார்ச் தேர்தலை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1974 முதல் சுங்கை சிப்புட்டை வைத்திருந்த ம.இ.கா. தலைவர் ச.சாமிவேலு, எதிர்க்கட்சி வேட்பாளர் டாக்டர் ஜெயக்குமாரிடம் 1,821 ஓட்டில் தோற்றார். அதற்கு மூன்றரை மாதம் முன்பு, 2007 நவம்பர் 25ல், கோலாலம்பூரில் இந்தியர் உரிமை கேட்ட இண்ட்ராப் இயக்கத்தின் பேரணி. கண்ணீர்ப் புகையும் தண்ணீர்ப் பீரங்கியும். அந்தக் கோபம்தான் காரணம் என்கிறார்கள், அதில் உண்மை உண்டு. நான் இன்னொன்றையும் சேர்ப்பேன். அதற்குள் பலர் தோட்டத்தைவிட்டு வந்து, வாடகைக்கோ கடனுக்கோ, கிராணி கைவைக்க முடியாத வீடுகளில் குடியிருந்தார்கள். பேரணிக்குப் போன மகனுக்காகக் கிளைச் செயலாளரான அப்பா வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை. இருவரும் கொஞ்ச நாள் பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். பிறகு தீபாவளி வந்தது, பேசினார்கள்.

எங்கள் குடும்பத்தில் இப்போது மூன்று கட்சிக்கு ஓட்டு விழுகிறது. சாப்பாட்டு மேசையில் சத்தம் போடுவோம். பாட்டி இருந்திருந்தால் இந்தச் சத்தத்தை ரசித்திருப்பார்.

இன்னும் லயத்தில் இருப்பவர்கள் உண்டு. ஓய்வு வயதை நெருங்கியும் சொந்த வீடு இல்லாமல், ஒப்பந்தக் கூலியில் செம்பனைக் குலை சுமப்பவர்கள். அவர்கள் யாருக்கு ஓட்டுப் போடுகிறார்கள் என்று ஏளனம் செய்யும் தம்பி தங்கைகளே, அடுத்த தேர்தலில் உங்கள் தாமானுக்கு ஓட்டுக் கேட்டு வரும் வேட்பாளர் எந்தக் கட்சியாக இருந்தாலும், அவரிடம் அவர்களுக்காக ஒன்று கேளுங்கள். வீட்டு மனை எங்கே, யார் பேரில், எந்தத் தேதியில் பட்டா? எழுத்தில் வாங்குங்கள். நன்றி, வணக்கம்.